ஓடையில் ஒரு விளைமீன் செதில்

1

இந்தச் சனிக்கிழமை எங்கள் தொடர்மாடிக்கு முன்னாலுள்ள கார்த் தரிப்பிடத்தில், மழைத்தண்ணீர் போகிற கானின் மூடிக்குப் பக்கத்தில், நீல நிறத்தில் ஒரு மீன் வரையப்பட்டது. வரைந்தவர் என் கணவர். கெமைண்டவிலிருந்து, அதுதான் எங்கள் ஊராட்சி அலுவலகத்திலிருந்து, நீல மையும் வெட்டிய தகடும் கொடுத்துவிட்டிருந்தார்கள். தகட்டை நிலத்தில் வைத்து மையைப் பூசினால் அழகான ஆற்று மீன் ஒன்று வரும். இவர் தகட்டைத் தூக்கி மதிலில் சாத்திவிட்டுத் தன் கையாலேயே வரைந்தார். முதுகு புடைத்த, செதில் செதிலாய் உள்ள ஒரு மீன். யாழ்ப்பாணத்துச் சனம் பார்த்தால் உடனே சொல்லும், விளைமீன் என்று. மூன்றாம் மாடிப் போர்த்துக்கல்காரி, இங்கே மீன் விற்கப் போகிறீர்களா என்று கேட்டுவிட்டுப் போனாள்.

ஊரில் இருந்து இதை வாசிக்கிற உங்களுக்கு, கான் மூடியில் மீன் கீறினதெல்லாம் ஒரு கதையா என்று தோன்றும். எனக்கும் ஒரு வருடத்துக்கு முன்னர் அப்படித்தான் தோன்றியிருக்கும். அந்த மீன் அங்கே வருவதற்குள் எங்கள் வீட்டில் ஒரு கிழமை, முழுதாக ஏழு நாள், பேச்சுவார்த்தையே நின்றுபோனது. அதனால் முதலிலிருந்து சொல்கிறேன்.

2

எங்களுடையது சுவிஸில், பெர்ன் நகரத்துக்குப் பக்கத்திலுள்ள ஓஸ்டர்முண்டிகனிலிருந்து பஸ்ஸில் கொஞ்சத் தூரம் போனால் வருகிற சின்ன ஊர். நான் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. இவர் உணவகமொன்றின் குசினியில். கட்டடத்தின் நிலக்கீழ் அறையில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு சலவை அறை இருக்கிறது. யார் எப்போது தோய்க்கலாம் என்று முறை வைத்திருக்கிறார்கள். அந்த முறையில் ஒருவர் கை வைத்தால் இந்த நாட்டில் யுத்தமே வரும். எனக்கு முந்திய முறை நாலாம் மாடி ஃபிராவ், அதாவது திருமதி, ட்சுர்புறுக்குக்கு. இளைப்பாறிய உயிரியல் ஆசிரியை. இந்தப் பெயரைச் சொல்லி எங்கள் ஆட்களின் நாக்குச் சுளுக்கிய பிறகு, பூச்சி ரீச்சர் என்றே எல்லாரும் கூப்பிடத் தொடங்கினோம்.

போன வசந்தத்தில் ஒருநாள் ரீச்சர் தன் உடுப்பை மடித்துக்கொண்டே சொன்னார்: எங்கள் ஊர் ஓடையின் தண்ணீரைப் பார்த்துக்கொள்ளத் தொண்டர்களைச் சேர்க்கிறாராம். ஓடையைத் துண்டு துண்டாகப் பிரித்து எல்லாத் துண்டுக்கும் ஆள் கிடைத்துவிட்டதாம். எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் ஓடுகிற துண்டுக்கு மட்டும் ஒருவருமில்லையாம். "தமிழர்களை நான் ஓடைப் பக்கம் கண்டதே இல்லை" என்று சேர்த்துச் சொன்னார். குறையாகச் சொல்லவில்லை, கண்டதைச் சொன்னார். எனக்கோ பொத்துக்கொண்டு வந்தது. ரீச்சர், அடுத்த சனிக்கிழமை பாருங்கள், நிற்க இடமில்லாமல் ஆள் கொண்டுவருகிறேன் என்று வாய் விட்டுவிட்டேன்.

ஓடைக்கு ஜெர்மனில் பாஹ் என்று சொல்வார்கள். கடைசி எழுத்தைத் தொண்டையிலிருந்து கொண்டுவர வேண்டும். எங்கள் வாயில் அது பாக் என்றுதான் வரும். நான் வட்ஸ்அப்பில் குரல் பதிவு போட்டேன்: "சனிக்கிழமை பத்து மணிக்கு எல்லாரும் பாக் பார்க்க வாங்கோ. பொம்பிளையள் கட்டாயம் வரோணும்." அவ்வளவுதான். சனிக்கிழமை காலை ஓஸ்டர்முண்டிகனிலிருந்துகூடக் கார் பிடித்து வந்துவிட்டார்கள். சப்பாத்தும் சேலையுமாக, கல்யாண வீட்டுக்கு வந்த மாதிரி. பரமண்ணையின் மனுசி கைப்பை விற்பனை என்று நினைத்து என்னைத் தனியே கூப்பிட்டு, தோல் பாக்கா, றெக்சின் பாக்கா, என்ன விலை போகுது என்று கேட்டார்.

நான் ஓடையைக் காட்டினேன். சிரித்துச் சிரித்துப் பாதிப் பேர் போய்விட்டார்கள். வந்ததற்கு நின்ற மீதிப் பேர்தான் எங்கள் குழு. பரமண்ணையும் நின்றார். அவர் பெர்னில் பஸ் ஓட்டுகிறவர். இத்தனை வருடம் இந்தப் பாலத்துக்கு மேலால் பஸ்ஸை ஓட்டினேன், கீழே என்ன இருக்கென்று ஒருநாளும் எட்டிப் பார்க்கவில்லை என்றார்.

3

வேலை கஷ்டமில்லை. காகிதக் கீலத்தைத் தண்ணீரில் தோய்த்து நிறம் பார்க்க வேண்டும். வெப்பம் அளக்க வேண்டும். பிறகு கல்லைப் புரட்டி, அதிலே ஒட்டியிருக்கிற சின்னச் சீவன்களை மெல்லிய தூரிகையால் வெள்ளைத் தட்டில் தள்ளி எண்ண வேண்டும். எந்தச் சீவன் இருக்கிறது, எது இல்லை என்பதைப் பார்த்தால் தண்ணீரின் சுகம் தெரியுமாம்.

முதல் நாளே மானம் போனது. வந்தவர்களில் முக்கால்வாசி என்னைப்போல் துப்புரவு வேலைக்காரர். கல்லில் பாசியைக் கண்டதும் கை சும்மா இருக்குமா? ரீச்சர் மறுகரையில் கீலம் தோய்த்துக்கொண்டிருந்த நேரத்தில் நாங்கள் கல்லுகளைத் தேய்த்து, அலசி, மினுங்க மினுங்கக் கரையில் அடுக்கி வைத்துவிட்டோம். ரீச்சர் திரும்பி வந்து பார்த்தார். ஒரு கல்லை எடுத்துத் திருப்பினார். பிறகு, இவ்வளவு சுத்தமான கல்லை என் வாழ்நாளில் பார்த்ததில்லை, ஆனால் எண்ணுவதற்கு ஒன்றையும் மிச்சம் விடவில்லையே என்றார்.

போகப் போகப் பழகிக்கொண்டோம். சீவன்களுக்கு எங்கள் பெயரும் வைத்தோம். மணலையும் குச்சியையும் ஒட்டிக் கூடு செய்து அதற்குள் இருக்கிற புழுவுக்கு வீடுகட்டி என்று பெயர். வளைந்து வளைந்து பக்கவாட்டில் நீந்துகிற சின்ன இறால் மாதிரி ஒன்றுக்கு ஜெர்மனில் ஒரு முழ நீளப் பெயர். நாங்கள் ஊரில் கறிக்குப் போடுகிற குட்டி இறாலின் பெயரால் கூனி என்றோம். சுண்டிக் கறியாக்க ஒரு பிடிகூடத் தேறாது என்று பரமண்ணை கவலைப்பட்டார். கூனி நிறைய இருந்தால் தண்ணீர் நல்லாயிருக்கிறது என்று அர்த்தம். நாளடைவில் ரீச்சரும் தட்டைக் குனிந்து பார்த்து "கூனி, கூனி" என்று சொல்லத் தொடங்கினார். அவர் வாயில் அந்தச் சொல்லைக் கேட்க எனக்கு அப்படியொரு சந்தோசம்.

எங்கள் ஊரில் தண்ணீரைப் பற்றி இரண்டே கேள்விதான். நன்னீரா, உவரா? கிணற்றில் அள்ளி வாயில் வைத்தால் விடை தெரிந்துவிடும். அதற்குள் யார் குடியிருக்கிறார்கள் என்று நாங்கள் கேட்டதில்லை.

4

இந்த இடத்தில் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லாவிட்டால் மிச்சக் கதை விளங்காது. மெல்டன்.

இந்த நாட்டுக்கு வந்தவர்கள் முதலில் படிக்கிற சொல் அதுதான். வந்தால் மெல்டன் செய்ய வேண்டும். வீடு மாறினால், பிள்ளை பிறந்தால், வேலை போனால், நாய் வாங்கினால் மெல்டன். உரிய இடத்தில் அறிவித்தல் என்று தமிழில் சொல்லலாம். ஆனால் வெள்ளைக்காரர் அதோடு நிற்பதில்லை. பக்கத்து வீட்டுக்காரன் ஞாயிற்றுக்கிழமை சுவரில் துளைபோட்டால் அதையும் மெல்டன் செய்வார்கள். செய்துவிட்டு அடுத்த நாள் அவனுக்கே வணக்கமும் சொல்வார்கள். எங்கள் பாஷையில் அதற்கு இருக்கிற சொல் காட்டிக்கொடுத்தல். அந்தச் சொல்லோடு வணக்கம் சொல்ல முடியாது.

மகள் ஆரணி சின்னவளாக இருந்தபோது பெற்றோர் சந்திப்புக்குப் போனேன். அவளுடைய ஆசிரியை, உங்கள் மகள் ஒருநாளும் மெல்டன் செய்வதில்லை என்று கவலையோடு சொன்னார். நான் நிமிர்ந்து உட்கார்ந்து, நாங்கள் அப்படித்தான் வளர்க்கிறோம், எங்கள் குடும்பத்தில் யாரையும் காட்டிக்கொடுக்கிற பழக்கமில்லை என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னேன். ஆசிரியை கண்ணை விரித்துப் பார்த்தார். ஆரணி மேசைக்குக் கீழே போய்விட்டாள். வெளியே வந்த பிறகுதான் விளக்கினாள். வகுப்பில் கை உயர்த்திப் பதில் சொல்வதற்கும் அதே சொல்தானாம். தன்னைத்தானே மெல்டன் செய்வதாம்.

இப்போது ஆரணிக்குப் பதினேழு வயது. தமிழில் கேட்டால் பெர்ன் ஜெர்மனில் பதில் சொல்வாள். பஸ்ஸில் எங்களுக்கு இரண்டு இருக்கை தள்ளித்தான் இருப்பாள். ஆனாலும் அந்தக் கதையைச் சொல்லி இன்றைக்கும் சிரிப்பாள், தமிழிலேயே.

5

கோடையில் ஒரு பிரச்சினை தொடங்கியது. எங்கள் துண்டின் நடுவில், கரையிலிருந்து ஒரு குழாய் ஓடைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். அதற்கு மேலே கூனி நிறைய. கீழே, சில சனிக்கிழமைகளில், தட்டில் செத்த கூனிதான் வரும். ரீச்சரின் முகம் கறுத்துப்போகும். செய்தி ஊருக்குள் பரவியது. எதிர்க்கரையில் ஊவெலி என்ற விவசாயியின் மாட்டுப் பண்ணை இருக்கிறது. சாணி கரைத்துப் புல்லுக்கு அடிக்கிறவர். அந்த மணத்துக்கு ஏற்கெனவே அவரோடு ஊர் கோபம். ஊவெலிதான் ஓடையைக் கெடுக்கிறார் என்று எல்லாரும் கதைக்கத் தொடங்கினார்கள். மனிதர் எங்களோடும் முகம் கொடுத்துப் பேசாமல் விட்டார். முதலில் எங்கள் வாளிகளைத் தன் கொட்டிலில் வைக்க இடம் தந்தவரே அவர்தான்.

விசித்திரம் என்னவென்றால், புரட்டாசி மாதம் முழுக்க எல்லாச் சனிக்கிழமையும் ஓடை நல்லாயிருந்தது. குழாய்க்குக் கீழேயும் கூனி துள்ளியது. ரீச்சர் மண்டையை உடைத்துக்கொண்டார். மழையா, வெயில் குறைந்ததா, ஊவெலி சாணி அடிக்கவில்லையா?

புரட்டாசி முடிந்த முதல் சனிக்கிழமை, தட்டில் திரும்பவும் செத்த கூனி. அதோடு பளபளவென்று ஒரு செதில். என் பெருவிரல் நகத்தளவு. ரீச்சர் அதை இடுக்கியால் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். இந்த ஓடையில் இவ்வளவு பெரிய செதிலோடு மீனே கிடையாது, இது பெரிய கண்டுபிடிப்பாக இருக்கலாம், பெர்னில் எனக்குத் தெரிந்த நிபுணரிடம் காட்டுகிறேன் என்று ஒரு கண்ணாடிக் குப்பிக்குள் போட்டு மூடினார்.

எனக்கோ நிபுணர் தேவைப்படவில்லை. எத்தனை வருடமாக அந்தச் செதிலைக் குசினியிலும் தலைமயிரிலும் பொறுக்கியிருக்கிறேன். விளைமீன். குழாய் வாயில் குனிந்து மணந்து பார்த்தேன். ஷாவெல் மணம், அதாவது வெளுக்கிற குளோரின் தண்ணீர்.

ஓஸ்டர்முண்டிகன் தமிழ்க் கடைக்கு வெள்ளிக்கிழமை பின்னேரம் மீன் வரும். இவர் வாங்கி வந்து, சனிக்கிழமை விடியவே கார்த் தரிப்பிடத்துக்குக் கொண்டுபோய் வெட்டிக் கழுவுவார். வீட்டுக்குள் வெட்டினால் மணம் போகும், வெள்ளைகள் முறைப்பாடு செய்யும் என்ற பயம். வெட்டி முடிந்ததும் மணத்தின் தடயமே இருக்கக்கூடாதென்று ஷாவெலை வாளி வாளியாகக் கானுக்குள் ஊற்றுவார். புரட்டாசிச் சனி எங்களுக்கு விரதம், வீட்டில் மச்சமில்லை, மீனோ இறைச்சியோ சமைப்பதில்லை. அதனால்தான் கூனி பிழைத்துக் கிடந்திருக்கிறது. சனீஸ்வரன் கண் வைத்துக் காப்பாற்றியிருக்கிறார், நாங்கள் கொன்றிருக்கிறோம். வீட்டுத் தொட்டியில் ஊற்றுகிற தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும், வெளிக் கானில் விழுவது நேரே ஓடைக்கு வரும் என்று ரீச்சரிடம் சும்மா கேட்கிற மாதிரிக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

6

அன்றைக்கே இவரிடம் சொன்னேன். மனிதர் ஆடிப்போனார். அன்றோடு மீன் வெட்டு வீட்டுத் தொட்டிக்கு வந்துவிட்டது, அதில் அவர் ஒரு சொல் மறுக்கவில்லை. ஆனால் அடுத்த கிழமை ஊர் மண்டபத்தில் ஓடையைப் பற்றிக் கூட்டம். ஊவெலியைக் கேள்வி கேட்கப் போகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. நான் எழும்பி உள்ளதைச் சொல்லப் போகிறேன் என்றேன்.

"இஞ்சேரும், உமக்கு விசரோ? எங்கட ஆக்களை நாங்களே காட்டிக் குடுக்கிறதோ?"

"செய்யாத குற்றத்துக்கு அந்த மனுசன் பேச்சு வாங்கிறது சரியோ?"

"நான் அதைச் சரியெண்டு சொல்லேல்லை. நீர் சொல்லாதையும் எண்டுதான் சொல்லுறன்."

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் எதைக் கண்டு பயப்படுகிறார் என்று எனக்குத் தெரியும். இளவயதில் ஒரு இராணுவச் சுற்றிவளைப்பில் அவரைப் பள்ளிக்கூட மைதானத்து வெயிலில் இருத்தி, பிறகு வரிசையாக ஒரு வாகனத்துக்கு முன்னால் நடக்கவிட்டார்கள். உள்ளே முகத்தில் சாக்குப் போட்ட ஒருவன், ஆள் காட்டிக்கொடுப்பவன். அந்தத் தலை ஆடினால் முன்னால் நிற்கிற ஆளைக் கொண்டுபோய்விடுவார்கள். இவருக்கு ஆடவில்லை. இவருக்கு முன்னால் நடந்த சிநேகிதனுக்கு ஆடியது. அதற்குப் பிறகு காட்டிக்கொடுத்தல் என்ற சொல்லைக் கேட்டாலே மனிதருக்கு உடம்பு பதறும். மெல்டன் என்றாலும் அவருக்குக் காதில் விழுவது அதுதான்.

அந்தக் கிழமை எங்களுக்குள் கதை பேச்சில்லை. சோறு போட்டேன், சாப்பிட்டார். சொல்லாமல் விட்டால் ஊவெலியின் முகத்தில் எப்படி முழிப்பது, ரீச்சரோடு கூனி எப்படி எண்ணுவது என்று ஒரு பக்கம். சொன்னால் இந்த மனிதருக்கு நான் யார் என்று மறுபக்கம். குழுவிலிருப்பவர்களிடமும் சொல்லவில்லை. தமிழர் மீன் கழுவி ஓடையைக் கெடுத்தார்கள் என்று ஊர் பேசினால் அவர்களும்தான் தலைகுனிய வேண்டும். ஆஸ்பத்திரியில் ஒரே தாழ்வாரத்தை இரண்டு முறை துடைத்திருக்கிறேன்.

7

கூட்டத்துக்கு நானும் ஆரணியும் வெளிக்கிட்டோம். வாசலில் பார்த்தால் இவர், கல்யாண வீட்டுக் கோட்டுப் போட்டுக்கொண்டு நிற்கிறார். எங்களோடு கூட வந்தார். என் பக்கத்திலேயே உட்கார்ந்தார். என்னைத் தடுக்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

மண்டபம் நிறைந்திருந்தது. பரமண்ணை பஸ் உடுப்போடு பின்வரிசையில். ஊவெலி முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு, காது சிவக்க இருந்தார். ரீச்சர் எங்கள் வேலையைப் பற்றி அழகாகச் சொன்னார். செதிலைக் குப்பியோடு உயர்த்திக் காட்டி, நிபுணருக்கே இன்னும் பிடிபடவில்லை என்றார். பிறகு கெமைண்டவிலிருந்து வந்தவர், பாதிப்புப் பண்ணைப் பக்கமிருந்து வந்திருக்கலாம் என்று இழுத்தார். எல்லாத் தலையும் ஊவெலியின் பக்கம் திரும்பியது. ரீச்சருக்கு அது பிடிக்கவில்லை. சபையைப் பார்த்துக் கேட்டார்: வேறு ஏதாவது தெரிந்தவர்கள் இருக்கிறீர்களா? யார் மெல்டன் செய்கிறீர்கள்?

நான் கையை உயர்த்தினேன். எழும்பினேன். ஒரு கிழமையாகக் கண்ணாடிக்கு முன்னால் பாடமாக்கிய ஜெர்மன் முழுவதும் ஓடைத் தண்ணீரோடு போய்விட்டது. "அந்தச் செதில்... அந்தக் குழாய்..." அதற்கு மேல் வரவில்லை.

பக்கத்தில் இன்னொரு கை உயர்ந்தது. இவர் எழும்பி நின்றார். இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து குசினிக்கு வெளியே நாலு ஜெர்மன் சொல் சேர்த்துப் பேசாத மனிதர். கோட்டை இழுத்து விட்டுக்கொண்டு உரத்த குரலில் சொன்னார்:

"என்ட்ஷுல்டிகுங். இஷ் பின் ஃபிஷ்."

மன்னிக்கவும், நான் மீன். மீன் என்னுடையது என்று சொல்ல நினைத்தவர், தானே மீன் என்று சொல்லிவிட்டார். எங்கோ ஒரு சிரிப்பு வெடிக்கப் பார்த்தது.

அப்போது ஆரணி எழும்பினாள். பள்ளிக்கூடத்தில் ஒருநாளும் கை உயர்த்தாத பிள்ளை. "இவர் என் அப்பா" என்று பெர்ன் ஜெர்மனில் தொடங்கி, மீன், ஷாவெல், கான், எங்களுடைய புரட்டாசி விரதம் எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொல்லி முடித்தாள். எனக்குக் கண் நிறைந்து முன்னால் ஒன்றும் தெரியவில்லை. பின்வரிசையிலிருந்து பரமண்ணை மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது.

ஒருவரும் முறைக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் முன்வரிசையில் ஒரு வயதான சுவிஸ்காரர் கையை உயர்த்தினார். தான் மதிலுக்கு மை பூசுகிற தூரிகையை வருடக்கணக்காக அதே மாதிரிக் கானில்தான் கழுவுகிறாராம். போர்த்துக்கல்காரி கையை உயர்த்தினாள், கார் கழுவுகிற சவர்க்காரத் தண்ணீர். மாதா கோயிலில் பாவமன்னிப்புக் கேட்கிற மாதிரி ஆகிவிட்டது. கான் மூடிகளுக்குப் பக்கத்தில் மீன் வரைவோம் என்ற யோசனை அங்கேதான் வந்தது. ரீச்சர் நிபுணரிடம் என்ன சொல்வது என்று சிரித்துக்கொண்டே வந்து, குப்பியை இவர் கையில் கொடுத்தார். ஊவெலி கடைசியாக வந்தார். இவர் தோளில் தட்டி, அந்த மீனை எப்படிச் சமைப்பீர்கள் என்று கேட்டார். அடுத்த சனிக்கிழமை எங்கள் வீட்டில் அவருக்குக் குழம்புச் சோறு. கண்ணில் நீர் வழிய, இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டார்.

ஆனால் நான் சொல்ல வந்தது கூட்டம் முடிந்து வீட்டுக்கு நடந்த கதை. ஆரணி எங்களுக்கு நடுவில் வந்தாள். பாலத்தடியில் இவர் நின்று, அந்தக் கிழமையில் முதல் முறையாக என்னோடு கதைத்தார்.

"நீர் காட்டிக் குடுக்கேல்லை, தெரியுமோ? நானாத்தான் எழும்பினனான். உம்மட வாயால என்ர பெயர் வரப்பிடாது எண்டுதான் வந்தனான்."

நான் அவர் கோட்டுக் கையைப் பிடித்தேன்.

"நான் உங்கட பெயரைச் சொல்ல எழும்பேல்லையப்பா. மீன் வாங்கச் சொன்னது நான், ஷாவெல் வாங்கித் தந்தது நான். என்னைத்தான் சொல்ல வந்தனான்."

இவர் கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு சொன்னார்:

"அதை முதலே சொல்லியிருந்தா, மண்டபத்தில நான் பேசாமல் இருந்திருப்பனே."